மடிப்புக்குள் ஒரு சிவப்பு முடிச்சு

பெங்களூர் மர்பி டவுனில் சொர்ணத்திடம் துணி தைக்கக் கொடுப்பவர்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருக்கும். தைத்த ஜாக்கெட்டை எடுத்து நீட்டும்போது அவள் வந்தவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டாள், பையைத்தான் பார்ப்பாள். கத்திரிக்கோல் மேஜைமேல் இருக்கிறதா என்று ஒரு கண், ஊசி டப்பா மூடியிருக்கிறதா என்று இன்னொரு கண். திருடிக்கொண்டு போகும் அளவுக்கு அந்த முன்னறையில் எதுவும் கிடையாது. ஒரு பழைய தையல் மெஷின், ஓர் இஸ்திரிப் பெட்டி, சுவரோரம் தொங்கும் பத்துப் பன்னிரண்டு ஜாக்கெட்டுகள், அவ்வளவுதான். ஆனால் சொர்ணத்தைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். ஏற்கெனவே ஏமாற்றியவர்கள், இனிமேல் ஏமாற்றப்போகிறவர்கள்.

பிறக்கும்போதே அப்படி இருந்தாள் என்று சொல்ல முடியாது. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பெண்ணின் பட்டு ஜாக்கெட்டை ஹுக் வைக்க வெளியே கொடுத்தாள். திரும்பி வந்தது அதே நிறத்தில் வேறொரு மட்டமான துணி. பெண் வீட்டார் தெருவில் நின்று அவளைத் திருடி என்றார்கள். அன்றிலிருந்து அவள் கையை விட்டு வெளியே போகும் எந்தத் துணியிலும், மடிப்புக்குள் யாருக்கும் தெரியாத இடத்தில், சிவப்பு நூலில் ஒரு முடிச்சு விழும். துணி திரும்பி வந்ததும் முடிச்சைத் தேடுவாள். இருந்தால் வெட்டி எறிந்துவிடுவாள். அதற்கென்று நல்ல நூலை வீணாக்குவானேன் என்று இருப்பதிலேயே மலிவான நூல்கண்டு ஒன்றைத் தனியாக வைத்திருந்தாள். முப்பது வருடத்தில் ஒருமுறைகூட முடிச்சு காணாமல் போனதில்லை. அதனால் அவளுக்குச் சந்தேகம் குறைந்துவிட்டதா என்றால், இல்லை. முடிச்சு போட்டதால்தான் எல்லோரும் ஒழுங்காக இருக்கிறார்கள் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவளை வித்யாலட்சுமி குயில்ட் தைக்கக் கூப்பிட்டாள். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், அல்சூர் ஏரிப் பக்கம் சொந்த வீடு. மூன்று தலைமுறையாகப் பெங்களூர்வாசிகள். பதினைந்து வருடமாக சொர்ணத்திடம்தான் ஜாக்கெட் தைக்கிறாள்.

"துண்டுத் துணிய ஒட்டித் தைக்கற போர்வைதான் சொர்ணம்மா. நாலு பேரு சேந்து. ஒவ்வொருத்தருக்கும் ஒரு காலம். நான் மழைக்காலம் எடுத்துண்டேன். அம்புஜம் வெயில்காலம், குல்மொஹர் பூ. அனுஷா பிப்ரவரில ரோடெல்லாம் ரோஸ் கலர்ல பூ கொட்டுமே, அது. மழை விட்டதும் பூக்கற மரமல்லி இன்னும் பாக்கி இருக்கு. உங்களுக்குத்தான்."

"எதுக்கு மேடம் நானு?"

"உங்க கைவேலைக்காகத்தான்."

சொர்ணத்துக்கு உடனே புரிந்துவிட்டது. ஓசியில் தைத்துக்கொள்ள ஒரு கை வேண்டும். இருந்தாலும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனாள். என்னதான் திட்டம் என்று பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்ற எண்ணம்.

திட்டம் அவள் நினைத்ததைவிட விசித்திரமாக இருந்தது. நான்கு பேரும் ஜூலை மாதத்தில் ஆளுக்கொரு நடுத்துண்டு தைக்க வேண்டும். தனக்கு முக்கியமான ஏதாவது ஒரு துணி அதில் இருக்க வேண்டும். பிறகு அதை ஒரு சுருக்குப்பையில் போட்டு அடுத்தவளிடம் கொடுத்துவிட வேண்டும். மாதம் ஒருத்தியாக, மூன்று பேரும் தன் தன் காலத்தை அதைச் சுற்றிக் கரையாகத் தைப்பார்கள். நடுத்துண்டின் மேல் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. நவம்பர் முதல் சனிக்கிழமை பைகளைத் திறக்கும்வரை சொந்தக்காரிக்குத் தன் துணியைப் பார்க்க அனுமதி இல்லை.

"பாக்கவே கூடாதா?"

"அதான் ஆன்ட்டி த்ரில்லே" என்றாள் அனுஷா. வேலூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வாயெல்லாம் பல். அதிகம் சிரிப்பவர்களை சொர்ணத்துக்குப் பிடிக்காது.

மூன்றாமவள் அம்புஜம் தலையை மட்டும் ஆட்டினாள். தபால் ஆபீஸில் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள், ஒக்கலிபுரத்தில் வீடு. நாலு வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை கன்னடம். அதிகம் சிரிக்காதவர்களையும் சொர்ணத்துக்குப் பிடிக்காது.

நியாயமாக அவள் அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும். வராததற்குக் காரணம் ரமா. கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து, முப்பத்தேழு வயதில், லிங்கராஜபுரத்தில் இருக்கும் அவள் மகள் ரமா உண்டாகியிருந்தாள். ஜனவரியில் தேதி. பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடுவதில்லை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழந்துணியில்தான் போடுவார்கள். ரமா பிறந்தபோது அவளைக் கிடத்தியது சொர்ணத்தின் கணவர் ரங்கநாதனின் வேட்டி ஒன்றில். அந்த வேட்டியை சொர்ணம் முப்பத்தேழு வருடமாக இரும்புப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாள். பதினோரு வருடமாக அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அழுதிருக்கிறாள். இப்போது அதையே நடுவில் வைத்து, சுற்றி ஒரு வருடத்தின் எல்லாப் பூவும் பூத்திருக்க, பேரப்பிள்ளையை அதில் படுக்க வைத்தால் எப்படியிருக்கும் என்று தோன்றியது. தோன்றிய பிறகு விட முடியவில்லை.

வேட்டியில் செல்லரிக்காமல் தேறியது ஒரு முழச் சதுரம்தான். அதன்மேல் வெள்ளை நூலிலேயே மரமல்லி தைத்தாள். நீளக் காம்போடு உதிர்ந்து கிடக்கும் பூக்கள், வெள்ளைமேல் வெள்ளை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். அவளுக்கே தன் வேலையைப் பார்த்துக் கர்வமாக இருந்தது. ஜூலை கடைசி நாள் அதைப் பையில் போடப் போனவள், நின்றாள். மேஜை இழுப்பறையைத் திறந்து மலிவு நூல்கண்டை எடுத்தாள். நான்கு மூலையிலும் ஓரத்தை மடித்துத் தைத்திருந்த இடத்தைக் கொஞ்சம் பிரித்து, உள்ளே ஒவ்வொரு முடிச்சு வைத்து, மறுபடி மூடினாள்.

ரங்கநாதன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலை ஒன்றில் வாட்ச்மேனாக இருந்தவர். வீட்டில் காவல் வேலை மனைவியுடையது என்பார்.

"என் பழைய வேட்டியத் திருடி யாரு என்ன பண்ணப்போறா?"

"அது தெரிஞ்சா நான் ஏன் முடிச்சு போடறேன்?"

பை முதலில் அம்புஜத்திடம் போனது. அனுஷாவின் துண்டு சொர்ணத்திடம் வந்தது. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை வித்யாலட்சுமி வீட்டுப் படியேறும்போது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. அவள் செருப்பைக் கழற்றும் சத்தத்தில் பேச்சு நின்றுவிட்டது. உள்ளே போனால் மூன்று பேரும் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்புஜத்தின் கண் சிவந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்புஜம் ஊசியில் நூல் கோத்தபடி, தலை நிமிராமல், "சொர்ணம்மா, அந்த வேட்டி... அதுல மிச்சம் ஏதாவது இருக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"ஏனில்ல. சும்னே கேட்டேன்."

சும்மா கேட்பார்களா? முப்பத்தேழு வருடத்துப் பழைய வேட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று உலகத்தில் எவள் சும்மா கேட்பாள்? அன்று சாயங்காலம் முழுக்க சொர்ணம் இதையே ரங்கநாதனிடம் சொல்லிச் சொல்லி அவர் காதைக் கிழித்தாள்.

செப்டம்பரில் பை வித்யாலட்சுமியிடம் போயிற்று. ஒருநாள் சொர்ணம் லைனிங் துணி வாங்க கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனாள். துணிக்கடையின் உள்ளே, சேலை கட்டிய பொம்மைக்குப் பின்னால் தெரிந்த முகம் அம்புஜத்துடையது. பக்கத்தில் அனுஷா. அனுஷா வெள்ளை மல் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கடைக்காரரிடம் போனில் ஏதோ படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதே மாதிரி வேணும் அண்ணா. கொஞ்சம் பழசா, மஞ்ச அடிச்சாப்ல. கம்ப்ளீட்டா மேட்ச் ஆகணும், பாத்தா தெரியவே கூடாது."

சொர்ணம் பொம்மையின் முந்தானைக்குப் பின்னால் அப்படியே நின்றாள். மாற்றப்போகிறார்கள். அவள் வேட்டியை எடுத்துக்கொண்டு கடையில் வாங்கிய வெள்ளைத் துணியை வைத்துவிடப்போகிறார்கள். ஏன் என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியாது. படித்தவர்கள், காசுள்ளவர்கள். பழைய துணிக்கு எங்காவது மதிப்பு இருக்கும், கண்காட்சியில் வைப்பார்கள், தங்கள் பேரைப் போட்டுக்கொள்வார்கள். கோபம் வந்ததோடு கூடவே ஒரு திருப்தியும் வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் நினைத்தது சரிதான் என்ற திருப்தி. நேரே போய்க் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சந்தேகப்படுகிறவர்கள் கேட்க மாட்டார்கள், காத்திருப்பார்கள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டாமா?

அக்டோபரில் சொர்ணத்திடம் வந்தது அம்புஜத்தின் பை. நடுவில் புங்கமரத் தளிர்கள். வெளிர்ப்பச்சையில் சின்னச் சின்ன இலைகள், அவற்றுக்கு அடியில் ஒரு காக்கித் துணித் துண்டு. அம்புஜத்தின் அப்பா தபால்காரர், அவருடைய சட்டை அது என்று முன்பே சொல்லியிருந்தாள். தையல் கொஞ்சம் பெரிது பெரிதாக இருந்தாலும் சுத்தமாக இருந்தது. சொர்ணம் அதைத் திருப்பிப் போட்டு, அரை பிளேடை எடுத்து ஓர் ஓரத்தைப் பிரித்தாள். உள்ளே தன் வேட்டியை ஒளித்து வைத்திருக்கிறாளா என்று பார்த்தாள். எதுவும் இல்லை. இன்னோர் ஓரத்தையும் பிரித்தாள். அங்கேயும் இல்லை. பிறகு அம்புஜத்தின் தையலைப் போலவே பெரிது பெரிதாகத் தைத்து மூடினாள். அடுத்தவள் வேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டோம் என்று கொஞ்சம் உறுத்தியது. ஆனால் யார் முதலில் ஆரம்பித்தது என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அதைச் சுற்றி அவள் தைத்த மரமல்லிக் கரை மட்டும், கோபத்தில் தைத்ததாக இருந்தாலும், ஒரு இழைகூடப் பிசகவில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை வந்தது. ரமாவுக்கு ஏழாம் மாதம் முடிந்திருந்தது. வித்யாலட்சுமி கூடத்து மேஜையைத் துடைத்து, முதலில் சொர்ணத்தின் பையைத்தான் அவிழ்த்தாள். துணி விரிந்தது.

வெளிக்கரையில் அனுஷாவின் ரோஸ் நிறப் பூக்கள் கொட்டிக் கிடந்தன. அதற்கு உள்ளே வித்யாலட்சுமியின் மழை, நனைந்து இலை மூடிய தூங்குமூஞ்சி மரம். அதற்கும் உள்ளே அம்புஜத்தின் குல்மொஹர், பார்க்கவே வெயில் அடிப்பது போன்ற சிவப்பு. நடுவில் அவளுடைய வெள்ளை. அதே வேட்டி. மாற்றவில்லை, பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. ஆனால் வெள்ளையின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு குல்மொஹர் இதழ் விழுந்திருந்தது. அவள் தைத்த மரமல்லியின் மேலேயே.

"நடுத்துண்டுல கை வெக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே. இது யாரு தெச்சது?"

"நான்தான்" என்றாள் அம்புஜம்.

சொர்ணம் கைப்பையிலிருந்து அரை பிளேடை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. ஓர் இதழைச் சுற்றித் தையலை அறுத்து எடுத்தாள். அடியில் வெள்ளைத் துணியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ரோஸ் நிறக் கறை.

"ஓஹோ" என்றாள். "கறைய ஆக்கிட்டு, அதுமேல பூவத் தெச்சு மறைச்சிட்டீங்க. மூணு மாசமா மூணு பேரும் சேந்து. நான் வந்தா பேச்ச நிறுத்தறீங்க, கடைக்குப் போயி வெள்ளத்துணி தேடறீங்க. நான் பாத்தேன், பாக்கலன்னு நெனச்சீங்களா? டெய்லர்காரிதானே, என்ன தெரியப்போவுதுன்னு. என் பொண்ணு பொறந்த துணிம்மா அது. என் பேரப்புள்ளைக்கு வெச்சிருந்தேன்."

"இர்லி, இருக்கட்டும் சொர்ணம்மா, கொஞ்சம் கேளுங்க" என்று வித்யாலட்சுமி ஆரம்பித்தாள். அம்புஜம் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"அவங்கமேல தப்பில்ல. என் சிவப்புத் துணிதான். மூணு தடவ ஊறவெச்சு அலசிட்டுத்தான் தெச்சேன், தண்ணில சாயமே எறங்கல. பூ வரைய கோடு போட்ட நீலப் பேனா மை தண்ணில முக்கினாத்தான் அழியும். அதுக்காக ஒரே ஒரு தடவ முக்கினேன். எடுத்துப் பாத்தா நாலு மூலைலயும் சிவப்பு. எலுமிச்சம்பழம் போட்டேன், வெயில்ல போட்டேன், போகல. அதே மாதிரி துணி கெடைச்சா சொல்லிட்டு மாத்திக் குடுக்கலாம்னு அலைஞ்சோம், கெடைக்கல. உங்ககிட்ட சொல்ல எனக்கு தைர்யா வரல. நாப்பது வருஷம் அடுத்தவங்க பொருள கைல வாங்கிக் குடுத்தவ நான், ஒண்ணுகூட கெடுத்ததில்ல. இனிமே ஊசி தொடமாட்டேன். மெஷின அண்ணா பொண்ணுக்குக் குடுத்துடறதா சொல்லிட்டேன்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கைப்பையை எடுத்து வாசல் பக்கம் நடந்தாள். அனுஷா பின்னாலேயே போனாள்.

சொர்ணம் துணியோடு நின்றாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் சந்தேகம் பலித்திருந்தது. அடுத்த மூலையையும் பார்த்துவிடுவோம் என்று குனிந்து பார்த்தபோதுதான் மனதில் ஏதோ இடறியது. குல்மொஹர் கரை வெள்ளையின் நான்கு பக்கமும் முழுக்க ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. சாயம் போவதாக இருந்தால் ஓரம் முழுக்கப் போயிருக்க வேண்டும். மூலையில் மட்டும் எப்படிப் போகும்?

துணியைத் திருப்பினாள். விரலால் தடவியதுமே தெரிந்துவிட்டது, ஆனாலும் மடிப்பைப் பிரித்தாள். உள்ளே அவளுடைய முடிச்சு. நிறமெல்லாம் இறங்கி, வெளுத்து, பழைய பூசணி விதை போலக் கிடந்தது.

மலிவு நூல். முப்பது வருடமாகத் திரும்பி வந்ததும் வெட்டி எறிந்த முடிச்சு, ஒருமுறைகூடத் தண்ணீரைப் பார்த்ததில்லை. எந்தத் துணியாக இருந்தாலும் வெட்டுவதற்கு முன் நனைத்துச் சாயம் பார்க்கிறவள், அதை மட்டும் பார்க்கவில்லை.

வாசலில் அம்புஜம் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. முடிச்சை நகத்தால் கிள்ளி இடுப்பில் செருகிக்கொண்டால் போதும். அவள் சரி, அவர்கள் தப்பு என்று ஆகிவிடும். எல்லோரும் இரக்கப்படுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில் சொர்ணத்துக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பது அவளுக்குத்தான் தெரியும். கூடவே, தெருவில் நின்று திருடி என்று கூப்பிட்டார்களே, அந்தப் பகலும் நினைவுக்கு வந்தது. செய்யாத தப்புக்குத் தலைகுனிந்து நின்றால் உடம்பு எப்படிக் கூசும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும்.

"அம்புஜம்மா. போவாதீங்க."

அம்புஜம் திரும்பினாள்.

"அது உங்க செவப்பு இல்ல. என்னுது." அவள் வெளுத்த முடிச்சை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். "நான் வெச்சது. நாலு மூலைலயும் வெச்சேன். அதுதான் எறங்கியிருக்கு."

எல்லோரும் முடிச்சைப் பார்த்தார்கள். வித்யாலட்சுமிதான் கேட்டாள்.

"எதுக்கு சொர்ணம்மா இத உள்ள வெச்சீங்க?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. அடையாளத்துக்கு, திருஷ்டிக்கு, எதையாவது சொல்லியிருக்கலாம்.

"நீங்க மாத்திடுவீங்கன்னு" என்றாள் சொர்ணம். "அம்புஜம்மாவோட துணியையும் போன மாசம் பிரிச்சுப் பாத்தேன். என் வேட்டி உள்ள இருக்கான்னு. ரெண்டு எடத்துல பிரிச்சு, அவங்கள மாதிரியே தெச்சு வெச்சிருக்கேன்."

வாழ்க்கையில் அவள் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அம்புஜம் அவளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமல் படியிறங்கிப் போய்விட்டாள்.

அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அம்புஜம் வரவில்லை. சொர்ணம் போனாள். போகாமல் இருக்கத்தான் ஆசை, ஆனால் போர்வைகளுக்குப் பஞ்சு வைத்து அடித்துணி கோத்துத் தைக்கும் வேலையை நான்கு பேரும் சேர்ந்து செய்வதாகப் பேச்சு. கூட ஒரு கை குறைந்தது அவளால்தான். வித்யாலட்சுமி வழக்கம்போலக் காபி கொடுத்தாள். அனுஷா முன்பு போலச் சிரிக்கவில்லை. அதிகம் சிரிக்கும் அந்தப் பெண் சிரிக்காமல் இருந்தது சொர்ணத்தை அறுத்தது.

மூன்றாம் சனிக்கிழமை அம்புஜம் வந்தாள். சொர்ணத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். சொர்ணம் தான் பிரித்தெடுத்த இதழை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"இத நீங்களே தெச்சுக் குடுங்க. நான் தெச்சா மத்த மூணோட சேராது."

அம்புஜம் அதை வாங்கிக் கறையின் மேல் வைத்துத் தைத்தாள், பெரிது பெரிதாக. முடித்து நூலைக் கடித்ததும் தன் பையைத் துழாவி, ஒரு சிவப்பு நூல்கண்டை மேஜைமேல் உருட்டிவிட்டாள். நல்ல நூல், பளபளவென்று இருந்தது.

"இனிமே முடிச்சு போடறதா இருந்தா இதுல போடுங்க. சாயம் போகாது. மூணு தடவ ஊறவெச்சுப் பாத்துட்டேன்."

குத்திக்காட்டுகிறாளா, மன்னித்துவிட்டாளா? சொர்ணம் அவள் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. அனுஷா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். சொர்ணம் நூல்கண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைக் கையில் பிடித்தபடியே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தில் வெந்நீர் எடுத்து, வெள்ளைத் துணி ஒன்றில் அந்த நூலைச் சுற்றி அதில் போட்டாள்.

"இன்னுமா?" என்றார் ரங்கநாதன்.

"பாப்பா படுக்கற துணி பக்கத்துல இருக்கப்போற நூலு. பாத்துட்டுத்தான் வெக்கணும்" என்றாள். சொல்லும்போதே தன்மேல் அவளுக்கே எரிச்சலாக வந்தது. என்ன ஜென்மம் இது என்று நினைத்தாள். இருந்தாலும் கிண்ணத்தின் முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் கழித்துத் துணியைப் பிழிந்து பார்த்தாள். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. தண்ணீரில் துளி சிவப்பு இல்லை. ஏனென்றே தெரியாமல் அழுகை வந்தது, அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அம்புஜம்மா, சொர்ணம் பேசறேன். நூலு நல்லா இருக்கு. அதச் சொல்லத்தான்."

எதிர்முனையில் அம்புஜம் கேட்டாள்:

"ஊறவெச்சுப் பாத்தீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"பாத்தேன்" என்றாள்.

அம்புஜம் சிரிப்பதை அவள் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள்.

"தெரியும்" என்றாள் அம்புஜம்.